கொட்டகை கட்டிய ஆண்டு

என் குறிப்பேட்டில் 14.9.2024, சனிக்கிழமைக்கான பக்கத்தில் நீல மையில் இப்படி இருக்கிறது: "அக்கா சிலிம் ரிவரிலிருந்து ரயிலில் வருகிறாள். ஈப்போ நிலையம், மணிக்கூண்டு, பழைய நகரச் சந்து, சாப்பாடு, லிட்டில் இந்தியா, பேரங்காடி, மாலை ரயில். அவள் முழங்காலுக்காக இடையிடையே உட்கார இடம் பார்க்க வேண்டும்." அதன் கீழே அன்று மாலை கறுப்பு மையில் சேர்த்த வரி: "படத்தில் ஆண்டு 1964 என்று உள்ளது. பொருந்தவில்லை."

அக்காளுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. எனக்கு எட்டு வயது மூத்தவள். ஈப்போவுக்குப் பலமுறை வந்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் பெரிய ஆஸ்பத்திரிக்காக. "ஒரு தடவையாச்சும் நோவு இல்லாம ஈப்போவ சுத்திப் பாக்கணும்லா" என்று போனில் சொன்னதால்தான் இந்த ஏற்பாடு. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் திரும்பி நின்று அந்த வெள்ளைக் கட்டடத்தின் கும்மட்டங்களை அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தன வருசமா இதுக்குள்ளயா எறங்கி டாக்சி புடிச்சு ஓடுனேன்?"

மணிக்கூண்டின் அடியில் நின்று அதன் நான்கு பக்கச் சிற்பங்களைப் பற்றியும் அது எழுப்பப்பட்ட ஆண்டைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். "வருசம் சொல்லாம ஒன்னால ஒண்ணக் காட்ட முடியாதா?"

பழைய நகரத்தின் சந்துக்குள் கூட்டம் நெரித்தது. மலேசிய தின விடுமுறை சேர்ந்து வந்ததால் கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் குவிந்திருந்தார்கள். முன்பு சீனப் பணக்காரர்கள் தங்கள் இரண்டாம் மனைவிகளைக் குடிவைத்த சந்து என்று சொல்வார்கள். இப்போது சாவிக்கொத்தும் துணிப்பையும் ஐஸ்கிரீமும் விற்கிறார்கள். "வப்பாட்டிச் சந்துக்கு இவ்ளோ கூட்டமா" என்று அவள் சத்தமாகவே கேட்டாள். பின்னால் வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்று அக்கா சந்தோஷமாக இருந்த கடைசி நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பிட ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்துக்குப் போனோம். தகப்பன் காலத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடையாக இருந்ததை மகன் சுற்றுலாப் பயணிகளுக்காக மாற்றியிருந்தார். பளிங்கு மேசைகள், பழைய பாணி நாற்காலிகள், சுவர் முழுக்கப் பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்களுக்குக் கிடைத்த மேசைக்கு நேரே ஒரு தோட்டத்துப் படம். காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு. புதிய தகரக் கூரை போட்ட கொட்டகை, அதன் முன்னால் பதினான்கு பெண்கள், தலையில் துணிக்கட்டு, தரையில் பால் வாளிகள். கீழே ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியிருந்தது: ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள், சிலிம் ரிவர், 1964.

அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"தம்பி. நாலாவதா நிக்கிறது அம்மாடா."

எங்கள் அம்மா 1962இல் இறந்தார். எனக்கு மூன்று வயது, அக்காளுக்குப் பதினொன்று. அம்மாவின் முகம் இருந்த ஒரே படம் அவருடைய அடையாள அட்டையில்தான் இருந்தது. இறப்பைப் பதியப் போன அப்பாவிடம் அந்த அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அது சட்டம். ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க அப்பாவுக்குத் தெரியவில்லை. அதனால் அம்மாவின் முகம் அக்காளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றாகிவிட்டது. எனக்கு எதுவுமே நினைவில்லை. அறுபது வருடங்களாக அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன், அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்ன முதல் வார்த்தை இது:

"அம்மா செத்தது அறுபத்திரெண்டுலக்கா. இது அறுபத்து நாலு."

"எனக்கு நம்பர் தெரியாது. கால பாரு. வலது கால எடுத்து இடது கால் மேல வெச்சு நிக்கிறாங்க. பெரட்டுல எப்பவும் அப்படித்தான் நிப்பாங்க, தரை சில்லுனு இருக்கும்னு."

"பனியில வெறுங்காலோட யாரா இருந்தாலும் அப்படித்தான் நிப்பாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அதற்குள் கடைக்காரர் தே தாரேக் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது வயதிருக்கும்.

"என்னாம்மா, படத்துல தெரிஞ்சவங்க இருக்காங்களா? அடிக்கடி வந்து சொல்வாங்க. போன மாசம் ஒரு அங்கிள், இது எங்க தாத்தான்னாரு. பாத்தா எல்லாம் பொம்பளைங்க."

அக்கா சிரிக்கவில்லை. படம் எங்கே கிடைத்தது என்று நான் கேட்டேன். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயரையே சொன்னார். துரை பங்களாவை இடித்தபோது பழைய சாமான் வியாபாரி ஒருவர் அள்ளி வந்த பெட்டியில் இருந்ததாம். முதுகில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப இந்த வருசம்?"

"அதுவா அண்ணே. அந்தத் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலர் ஒண்ணு கெடைச்சுச்சு. யாரோ ஒருத்தர் தோட்டத்தப் பத்தி நல்லா ஆராய்ச்சி பண்ணி எழுதியிருந்தாரு. கொட்டாய் கட்டுனது 1964னு. படத்துல கொட்டாய் புதுசா இருக்குல்ல, அதே வருசத்தப் போட்டுட்டேன்."

அந்த யாரோ ஒருத்தர் நான்தான். 2003இல் வந்த அந்த மலரில் 'நம் தோட்டம்: ஒரு காலக்குறிப்பு' என்று ஐந்து பக்கம் எழுதினேன். அதைக் கடைக்காரரிடமும் சொல்லவில்லை, அக்காளிடமும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்தேன்.

லிட்டில் இந்தியாவில் பேத்தி கல்யாணத்துக்கு அவள் புடவை எடுப்பதாக இருந்தது. மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். விற்பனைப் பெண் விரித்த ஒவ்வொன்றையும் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பேரங்காடியின் குளிரில் மின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள், ரயிலுக்கு நேரமாகும்வரை அங்கேயே இருந்தாள். கீழ்த்தளத்தில் மலேசிய தினத்துக்காகக் கொடிகளை வைத்துப் பெரிய வளைவு கட்டியிருந்தார்கள். மக்கள் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் மேடையில் சொன்னாள்: "நீ படிச்சவன். சரியாத்தான் இருக்கும். நான் அவங்கள மறந்துட்டேனோ என்னவோ."

அவளிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. கதவு மூடிவிட்டது.

மறுநாள் காலை பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். 1998இல், ஒரு கல்யாண வீட்டில், எங்கள் தோட்டத்தின் முன்னாள் மண்டோரிடம் கேட்டு எழுதிய பக்கம் கிடைத்தது. வேலையாட்களை மேய்த்த அவருக்கு அப்போதே எண்பது வயதுக்கு மேல். "கொட்டாய் போட்டது அறுபத்தொண்ணோ அறுபத்து நாலோ தம்பி, தொர மாறுன வருசம்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளிலும் துரை மாறியதாக அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. மலருக்கு எழுதும்போது அந்தக் கேள்விக்குறியை நானே நீக்கினேன். காரணமும் நினைவிருக்கிறது. புதுத் தகரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் லயத்து வீடுகளைத் தாண்டிப் போனதும், அதன் பின்னால் நான் ஓடியதும் எனக்கு நன்றாக ஞாபகம். ஓடும் வயது என்றால் ஐந்து வயதாவது இருக்க வேண்டும், ஆகவே 1964. அந்தத் தகரம் கொட்டகைக்கா, லயத்துக் கூரைக்கா என்று நான் யாரையும் கேட்கவில்லை. லாரி நினைவிருக்கிற எனக்கு அம்மா நினைவில்லை.

அக்காளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பின்னணியில் பிரஷர் குக்கர் சத்தம்.

"அப்ப நீ எழுதுனத வெச்சே நான் சொன்னத இல்லன்னு ஆக்கிட்ட."

"ஆமாக்கா."

"கடைக்காரன் சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"புடவ எடுக்காம விட்டுட்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன். அப்பவும் சொல்லல."

புதன்கிழமை மறுபடி அந்த உணவகத்துக்குப் போய், கட்டுரையை எழுதியவன் நான்தான் என்றும், ஆண்டை எடுத்துவிட வேண்டும் என்றும் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருசம் இல்லன்னா டூரிஸ்ட் நின்னு பாக்க மாட்டான் அண்ணே. அறுபதுகள்னு போட்டுரட்டுமா?" அது போதும் என்றேன். படத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பிரதியை ரயிலில் அக்கா வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். நாலாவது பெண்ணின் நெற்றியைத் துணிக்கட்டு மறைத்திருக்கிறது, பாதி முகம் நிழல். எவ்வளவு பார்த்தும் எனக்கு அது அறிமுகமில்லாத ஒருவரின் முகமாகவே இருந்தது. அக்கா வாங்கி, சாமி மேடையில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பொட்டு வைக்கக் குங்குமத்தை எடுத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"வெக்கலாமா? ஒன்னையத்தான் கேக்குறேன்."

வை என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. வேண்டாம் என்று சொல்ல இருந்த ஆதாரமும் போய்விட்டது. அவள் குங்குமத்தை மீண்டும் கிண்ணத்தில் போட்டுவிட்டு விளக்கை மட்டும் ஏற்றினாள்.

தோட்டம் இரண்டு முறை கைமாறி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாக இருக்கிறது. கொட்டகை இல்லை. பழைய பதிவேடுகள் கேட்டு இப்போதைய நிர்வாகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன், பதில் இல்லை. படத்தின் பின்புறம் பென்சிலால் நான் எழுதியிருப்பது இது: "கொட்டகை கட்டியது 1961 அல்லது 1964. 1961 என்றால் இடமிருந்து நான்காவது பெண் எங்கள் அம்மாவாக இருக்கலாம். 1964 என்றால் இருக்க முடியாது. இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை."