பதிலுக்கு நிற்காத கால்கள்

1983 சித்திரை மாதம், திருவண்ணாமலை. தையல் மிஷின் கம்பெனி ஒன்றில் வீடு வீடாகப் போய் விற்கிற வேலை எனக்கு. வயது நாற்பத்தொன்று. மூன்று மாதமாக ஒரு மிஷின்கூட விற்கவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று வேலூர் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. போதாக்குறைக்கு, என்னைத் திருத்த ஒரு சூப்பர்வைசரையும் அனுப்பினார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஒரு பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொளுத்தும் வெயிலில் அடி அண்ணாமலை கிராமத்தில் நாலு வீடு ஏறி இறங்கினோம். மிஷினின் அருமை பெருமைகளை மூச்சு விடாமல் சொன்னேன். சூப்பர்வைசர் கவனித்துக்கொண்டே வந்தார். நாலு வீட்டிலும் வெறுங்கைதான். கால் கடுத்துப்போய் ஒரு புளிய மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இந்த ஜனங்களுக்கு வாங்கவே மனசில்லை என்று அலுத்துக்கொண்டேன்.

“யாரும் வேணாம்னு சொல்லலியே சார். அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்கதான் ‘யோசிச்சு வைங்க, அப்புறம் வரேன்’னு எழுந்துட்டீங்க” என்றார் அவர்.

பதிலுக்குச் சண்டை போடத்தான் நினைத்தேன். ஆனால் அது உண்மை. ‘வேணாம்’ என்று காதால் கேட்கப் பயந்து, கேட்பதற்கு முன்பே ஓடிவரப் பழகியிருந்தேன். இந்த வேலைக்கு வந்த பதினோரு வருஷமாக அது எனக்கே தெரியவில்லை.

அடுத்த வீட்டில், வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்ட பிறகு, அவர்களாகப் பதில் சொல்லும்வரை எழுந்திருக்கவும் கூடாது, பேசவும் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னார்.

அந்த வீட்டம்மா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி, வாங்கிக்கிறீங்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உரித்துக்கொண்டே இருந்தார். ‘அப்புறம் வரேன்’ என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் கோழிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறத்தில் இருந்த வேர்க்கடலை முக்கால்வாசி தீர்ந்த பிறகுதான் அந்த அம்மா நிமிர்ந்தார்.

“எனக்குத் தைக்கத் தெரியாதே. வந்து கத்துக்குடுப்பீங்களா?”

கம்பெனி டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லித் தருவார் என்றேன். அப்படியானால் ஒன்று கொண்டுவரச் சொன்னார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

“போன வருஷமே கேக்கலாம்னு இருந்தேன். நீங்கதான் நிக்காம போய்ட்டீங்க.”

போன வருஷம் இந்த வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவே இல்லை.

என் வேலை பிழைத்தது. அன்று சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் டவுனுக்குத் திரும்பும் வழியெல்லாம் பெடலை மிதிக்கவே அசதியாக இருந்தது. அந்த அசதி வெயிலால் வந்ததில்லை. வேலையை விட்டு எத்தனையோ வருஷமான பின்னும், ஏதோ கேட்க நினைத்து வாயெடுத்த எத்தனை பேருக்கு முதுகைக் காட்டிவிட்டு வந்தேனோ என்று நினைத்தால், அதே அசதி இன்னும் வருகிறது.