இருபத்தொன்றாவது நிமிடத்தில் நின்றுபோகும் பேருந்து

உலகத்தில் பேருந்து ஓட்டியவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால், முதலில் நிற்பவர் நம்ம டிரைவர்தான். சும்மா இல்லை. மலைப்பாதையில் அவர் வண்டி வருவது தெரிந்தால் மலையே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். அவர் பிரேக் போட்டால் பயணி கையில் இருக்கும் டீ கிளாஸில் அலைகூட எழாது. இந்தப் பூமி யாருக்கும் தலைசுற்றாமல் சூரியனைச் சுற்றி வளைந்து வருகிறதே, அந்த வளைவை அவரைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டதாகப் பேச்சு.

அப்பேர்ப்பட்டவர் இப்போது வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், மழை ஈரத்தில் தன் வண்டியின் படிக்கட்டிலேயே வழுக்கி விழுந்தார். இடது கால், முட்டிக்குக் கீழே, இரண்டாகப் போனது. உள்ளே ஒரு கம்பியும் நாலு ஸ்க்ரூவும் வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் கிளட்ச் மிதித்த கால் அது. வரும் திங்கட்கிழமை பணிமனையில் டெஸ்ட். அதிகாரி பக்கத்தில் உட்கார, நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் பழைய வண்டி. இல்லாவிட்டால் டைம் கீப்பர் அறையில் ஒரு மேசை. மற்றவர்கள் வண்டி எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று ஓய்வு பெறும்வரை எழுதிக்கொண்டிருக்கலாம்.

உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்கு உட்காரத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஓடாத இருக்கையில் அவரால் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். யாராவது குறுக்கே போனால் கை ஹாரன் இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகும். எழுந்து வாசல்வரை நடப்பார், திரும்புவார், சமையலறையை எட்டிப் பார்ப்பார், மறுபடி வாசல்.

“அந்த நாற்காலிக்கு நாலு சக்கரம் வெச்சு விட்டுடலாம்,” என்பார் அவர் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. “நானாவது ஒழுங்கா ஒரு சட்டை தைப்பேன்.”

கம்ப்யூட்டர் மூத்த மகன் பெரியவனுடையது. வேலைக்காக வெளியூர் போனபோது, விளையாட்டு ஸ்டியரிங்கையும் மூன்று பெடலையும் அதோடு விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு பேருந்து விளையாட்டு இருந்தது. கால் பயிற்சி கொடுக்கிறவர் அதைக் கேட்டுச் சரி என்றார். இருபது நிமிடம் மிதித்தால் இருபது நிமிடம் காலை நீட்டி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். டிரைவர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு முதல் நாளே இரண்டு மணி நேரம் ஓட்டினார். போதாக்குறைக்கு, அந்தக் கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கிறதென்று பெடலுக்குப் பின்னால் பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினார். சாயங்காலம் முட்டி பன் மாதிரி வீங்கியது. வீக்கம் யார் கண்ணிலும் படாமலிருக்க, வேர்க்கிற நேரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான், கம்ப்யூட்டருக்குள் படம் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு சூடாகத் தொடங்கியது.

திரையின் மூலையில் கார்டின் சூடு ஒரு எண்ணாக ஓடும். அறுபது, எழுபது, எண்பது. தொண்ணூறைத் தாண்டியதும் பேருந்து, சாலை, பயணிகள் எல்லாம் கறுத்துப்போய் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். தினமும் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் இருபத்தொன்று. சனிக்கிழமை காலை அவருக்குப் பொறுக்கவில்லை. பெரியவனுக்குப் போன் போட்டார்.

“தூசிதாம்பா. கழட்டி பிரஷ்ஷால தட்டுங்க. உள்ள சூட்டைக் கடத்துற பசை காஞ்சிருக்கும், புதுசா போடுங்க.”

“கொதிக்கிற எஞ்சினை உடனே ஆஃப் பண்ணக்கூடாதுடா. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு தண்ணி சுத்த விடணும். இது என்னடா, தானாவே ஆஃப் ஆவுது?”

“அதுல தண்ணியே இல்லப்பா.”

“தண்ணி இல்லாம ஓட்டுனா கொதிக்காம என்ன பண்ணும்?”

பெரியவன் சிரித்தபடியே போனை வைத்துவிட்டான்.

டிரைவர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் சாய்த்தார். டார்ச் பிடிக்க மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். வயது பதினாறு. பள்ளிக்கூடம் அவளை விட்டதா, அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா என்பது இன்னும் தீராத வழக்கு. இதை எழுதுவதும் அவள்தான். ஆகவே அவளைப் பற்றி இங்கே கொஞ்சம் அடக்கித்தான் வரும்.

கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது வந்த வரிசையிலேயே தட்டில் வைத்தார். கார்டு செங்கல் கனம் இருந்தது. அதன் விசிறியிலும் தகடுகளுக்கு நடுவிலும் கம்பளி மாதிரித் தூசி. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டு, பெரியவன் மேசை டிராயரில் விட்டுப்போன புதுப் பசையைப் பிதுக்கினார், பிதுக்கினார், பிதுக்கிக்கொண்டே இருந்தார்.

“அப்பா, கடுகளவு போதும்னு இதுல போட்டிருக்கு.”

“கிரீஸ் வெக்கிறதுல கஞ்சத்தனம் கூடாது.”

மூடி இறுக்கியதும் நாலு பக்கமும் பசை வழிந்தது. கைக்குக் கிடைத்த துணியை எடுத்துத் துடைத்தார்.

“அது சாயங்காலம் குடுக்க வேண்டிய சட்டையோட கை,” என்றார் மனைவி. “பரவாயில்ல. ஒத்தைக் கை ஆளா பார்த்து வித்துக்கறேன்.”

எல்லாவற்றையும் வழித்துவிட்டு, டியூபில் மிச்சமிருந்ததைக் கடுகளவு வைத்து மூடி, பெட்டியைப் பூட்டி ஓட்டினார். பத்து நிமிடம் எண் ஏறவே இல்லை. டிரைவர் மெல்லச் சீட்டியடித்தார். பதினைந்தில் ஏற ஆரம்பித்தது. இருபத்து மூன்றாவது நிமிடம், பாலத்தின் நடுவில், திரை கறுத்தது.

அவர் எழுந்தார். வாசல். சமையலறை. வாசல். ஊன்றுகோல் தரையில் டக் டக்கென்று விழுந்துகொண்டே இருந்தது. ஏழாவது தடவை திரும்பியபோது, யாரிடமும் இல்லாமல், “அப்ப மேசைதான்,” என்றார்.

தையல் மெஷின் நின்றது. வாலு டார்ச்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். அவர் முட்டியையே பார்த்தாள்.

அவர் சும்மா இருக்கிற ஆளா? பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து கார்டை அழுத்திப் பார்த்தார். மூட மறந்து, அப்படியே ஆத்திரத்தில் ஓட்ட உட்கார்ந்தார். ஓட்டினார். இருபது தாண்டியது. முப்பது தாண்டியது. எண் எழுபத்தொன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாற்பதாவது நிமிடம் அவராகவே வண்டியை ஓரங்கட்டி, திறந்துகிடந்த பெட்டியைப் பார்த்தார்.

“பானெட்டத் திறந்து வெச்சா கொதிக்கல. மூடுனா கொதிக்குது,” என்றார். “காத்து வர்ற வழியில ஏதோ அடைச்சிருக்கு.”

ஒரு தடவை அவர் வண்டி நெடுஞ்சாலையில் இப்படித்தான் கொதித்தது. இரண்டு மெக்கானிக்குகள் பாதி எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் இறங்கி முன்னால் போனார். எங்கிருந்தோ பறந்துவந்த சாக்கு ரேடியேட்டரின் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது.

“பெட்டியோட முன் மூடியைக் கழட்டுவோம்.”

“அப்பா, அது கழட்டுனா உடைஞ்சிடும்,” என்றாள் வாலு.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னாங்க.”

“யாரு?”

அவள் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினாள். மூடி வந்தது, உடையாமல், ரொம்ப சுலபமாக. முன் விசிறிக்கும் வலைக்கும் நடுவில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு தகடு. உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஓர் எலும்பு தெரிந்தது. எலும்புக்குள் ஒரு கம்பி. இரண்டு ஸ்க்ரூ. மீதி இரண்டை யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஓரத்தில் வெள்ளை மார்க்கர் பேனாவில் மூன்று எண்கள்: பதினான்கு, அடித்தல், பதினேழு, அடித்தல், இருபத்தொன்று, சுற்றி ஒரு வட்டம்.

“கொஞ்சம் கொஞ்சமா வெட்டி நேரம் பார்த்திருக்க,” என்றார் டிரைவர்.

“இருபது சரியா வரல.”

“என் காலை வெச்சே எனக்கு அடைப்பா?”

“வேற எதுக்கு அடங்குனீங்க நீங்க? சொன்னா கேட்டீங்களா? போர்வைய வேற போர்த்திக்கிட்டு உட்கார்றீங்க.”

“திங்கக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டணும். இருபதுல நின்னே பழகுனா என்னத்தக் காட்டுவேன், வாலு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “டெஸ்ட்டுல ஸ்டாப்பு வரும்ல. நீங்க ஸ்டாப்புல கூட கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே நிக்கிறீங்க. சிக்னல்லயும் அப்படித்தான். பின்னாடி உட்கார்ந்து எண்ணுனேன். நியூட்ரல்ல போட்டுக் காலை எடுத்தா பாதி நேரம் ரெஸ்ட்டுதான்.”

இருபத்திரண்டு வருட அனுபவம் குனிந்து தன் இடது காலைப் பார்த்தது. மனைவி மெஷின் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தார்.

பேரம் நடந்தது. எக்ஸ்ரே வெளியே இருக்கும். கிளட்ச் பெடலில் கட்டிய சைக்கிள் டியூபை முழுசாகக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு சுற்றில் ஒன்று குறைந்தது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை காலை ஸ்டூலில் நீட்ட வேண்டும். வாலு தன் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு கண்டக்டராகப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. சுவர்க் கடிகாரமே சாட்சி.

டிரைவர் கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லிவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நியூட்ரல், கால் மேலே. இரண்டு தடவை மறந்தார். இரண்டு தடவையும் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கடிகாரத்தில் இருபது நிமிடம் ஆனது. வாலு ஒரு மணி அடித்தாள்.

டிரைவர் வண்டியை அலுங்காமல் ஓரங்கட்டினார். நியூட்ரல் போட்டார். இடது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

“பதினஞ்சு நிமிஷம்தானே ஆச்சு?”

“கடிகாரத்தப் பாருங்க. இருபது.”

“இருபத்திரண்டு வருஷம் டைமுக்கு ஓட்டுனவன்கிட்டயா? முள்ளை எப்ப முன்னாடி தள்ளி வெச்ச, நான் தண்ணி குடிக்கப் போனப்பவா?”

பின்னால் வாலுவின் நாற்காலி கிறீச்சிட்டது.

“போய் அஞ்சு நிமிஷம் பின்னாடி தள்ளி வெச்சுட்டு வா,” என்றார், காலை ஸ்டூலிலிருந்து எடுக்காமல். “அதுவரைக்கும் வண்டி ஸ்டாப்புலதான் நிக்கும்.”