ஒளித்திருந்த ஊரில் ஒரு மாதம்

நான் பென்சன் எடுக்கப் போகிற வருடம் அது. கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி தூக்கினேன். மனைவிக்குச் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற ஒரு கார்தரியில் சமையல் வேலை. மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வீடு, வெளியே இரும்புப் படி. பனிக்காலத்தில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.

"இனிச் சூடான இடத்துக்குப் போயிடோணும்" என்பாள். எங்கள் சொந்த ஊரில் சண்டை. அங்கே போக முடியாது.

எனக்கு ஓர் இடம் தெரியும். தாய்லாந்தில், மேகொங் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அக்கரை லாவோஸ். முன்னர் கள்ளமாய்க் கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் எங்கள் ஏழு பேரை அங்கே ஓர் அறையில் நாலு மாதம் வைத்திருந்தான். வெளியே போகக்கூடாது. பொலிஸ் பிடித்தால் திருப்பி அனுப்பிவிடும். யன்னலால் ஆறு தெரியும். சோறும் வீடும் மலிவு என்று அப்போதே கேள்விப்பட்டேன். எங்கள் பென்சன் அங்கே போதும்.

மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ஒளிச்சிருந்த ஊருக்கே பென்சனோட போகப்போறியளோ?"

"ஓம். இப்ப கனடாப் பாஸ்போர்ட் இருக்குத்தானே."

"முதல் போய்ப் பாப்பம்."

மாசியில் போனோம். ஒரு மாதத்துக்கு ஆற்றோரம் வீடு எடுத்தோம். படி இல்லாத வீடு. ஒரு கிழமையில் அவள் ஒன்றையும் பிடிக்காமல் நடந்தாள். காலையில் சந்தைக்குப் போவாள். மொழி தெரியாது. கையால் கதைத்து, சிரித்து, கேட்டதைவிடக் கூடவே கீரை வாங்கி வருவாள். வீட்டுக்காரி அவளுக்குப் பப்பாசிக்காய்ச் சம்பல் இடிக்கப் பழக்கினாள்.

நான் வெளியே போகவில்லை. வெயில் என்றேன். பேந்து வயிறு சரியில்லை என்றேன். யன்னலடியில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

மூன்றாம் கிழமை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொலிஸ் உடுப்பு. நான் குசினிப் பக்கத்தால் இறங்கி, வாழைகளுக்குள் போய்க் குந்தினேன். யோசித்துச் செய்யவில்லை. கால் போனது. அவளைத் தனியே விட்டுவிட்டு வந்தது குந்திய பிறகுதான் உறைத்தது.

வெளிநாட்டுக்காரர் இருக்கிற வீடுகளில் பெயர் பதிய வந்தவராம். அவள் இரண்டு பாஸ்போர்ட்டையும் காட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் எழுதிக்கொண்டு போனபின் என்னைத் தேடி வந்தாள்.

"வாங்கோப்பா, அவர் போட்டார். கனடா நல்ல குளிரோ எண்டு நடுங்கிக் காட்டிக் கேட்டவர்."

"நான் எங்கையெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவர். கக்கூசுக்கை எண்டு கையால காட்டினன்."

இருவரும் சிரித்தோம். அன்றைக்கு யன்னலையும் நான் சாத்திவிட்டேன்.

மொன்ட்ரியாலுக்குத் திரும்பியபோது, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோமா என்று வீட்டுக்காரரின் கடிதம் வந்து கிடந்தது. அவள் அதை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"நான் அங்கை இருப்பன். நீங்கள்?"

"நீர் விரும்பினா வாறன்."

"வந்து? வாழைக்குள்ள இருக்கவோ?"

நான் கடிதத்தை எடுத்து விரித்தேன். அவள் பேனையை என் பக்கம் தள்ளினாள். புதுப்பிக்கிற இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

போகாதது என்னால்தான். சனம் அவளிடம் கேட்கும், ஏன் அங்கே போகவில்லை என்று.

"அங்கை ஆஸ்பத்திரி தூரம்" என்று சொல்லிவிடுவாள்.