இடையில் விழுந்த இரண்டு நாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் ஒரு காப்புறுதி முகவர் கந்தோரில் வேலை செய்தேன். கீழே மரக்கறிக் கடை, மேலே நாங்கள். நாங்கள் என்றால் முதலாளி, நான், தொலைநகல் அனுப்பப்போனால் அடிக்கடி கடதாசியை விழுங்கும் ஒரு பக்ஸ் மெஷின். விண்ணப்பங்கள் நிரப்புவது என் பொறுப்பு. அதில் நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

பக்கத்து மல்வேர்னில் இருந்து ஒரு அண்ணை வருவார். பல வருடம் மற்றவர்களின் ட்ரக்கை ஓட்டிவிட்டு அப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தார். கிழமைக்கு மூன்று தடவை கார் உதிரிப்பாகங்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி மிச்சிகன் மாநிலத்துக்குப் போவார். அந்த ஒரு ஓட்டத்தை நம்பித்தான் அவருடைய குடும்பம் இருந்தது.

அங்கே ஓட அந்த மாநிலம் தரும் அனுமதி, பேர்மிற், வேண்டும். அது செல்லுபடியாக இருக்க, காப்புறுதிச் சான்றைக் காப்புறுதிக் கொம்பனியே மாநிலக் கந்தோருக்கு நேரே அனுப்பிப் பதிய வேண்டும். சாரதியின் பையில் இருக்கும் பிரதியை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவுதான் தெரியும் என்பது தெரியாது.

அண்ணை ஒருநாள் கொம்பனி மாற்ற வந்தார்.

“பழையது திங்களோடை முடியுது தங்கச்சி. புதுசை ஒரு நல்ல நாளாப் பாத்துப் போடும்.”

சுவரில் தமிழ்க் கடை ஒன்று கொடுத்த கலண்டர் தொங்கியது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஆட்கள் எதையும் தொடங்க மாட்டார்கள். அன்று அட்டமியும் சேர்ந்திருந்தது. புதன் நவமி. வியாழன் நன்றாக இருந்தது.

“வியாழன் போடட்டோ அண்ணை?”

“ஓம், போடும். ரெண்டு நாளும் நான் ட்ரக்கை எடுக்கேல்லை.”

ஓடாத ட்ரக்குக்கு எதற்குக் காப்புறுதி என்று நினைத்து வியாழக்கிழமையையே தட்டச்சுச் செய்தேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் கெட்டித்தனம் என்னாவது?

மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை, எல்லைப் பாலத்துக்கு அப்பால் அண்ணையை மறித்துவிட்டார்கள். பேர்மிற் இடைநிறுத்தப்பட்டிருந்தது. ட்ரக் ஓடியதா, தூங்கியதா என்று மாநிலக் கந்தோர் பார்ப்பதில்லை. பழைய சான்று முடிந்த இடத்தில் புதிய சான்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இடையில் இரண்டு நாள் வெறுமையாகக் கிடந்தது. சாமானை வேறொரு ட்ரக்கில் மாற்றி ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பேர்மிற் திரும்பாவிட்டால் ஓட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று வேலை தந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே அண்ணை கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் காப்புறுதிக் கொம்பனியை மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி தாண்டிய பிறகுதான் மறுமொழி வந்தது. அந்த இரண்டு நாளிலும் விபத்து எதுவும் நடக்கவில்லை என்று அண்ணை கையெழுத்திட்ட கடிதம் நாலு மணிக்குள் பக்ஸில் வந்தால், செவ்வாய்க்கிழமையில் இருந்தே தொடங்கும் புதிய சான்றை அனுப்புவார்கள்.

கடிதத்தை அடித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கலண்டரைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, மூன்றே கால். நல்ல ராகுகாலம்.

“பேனையைத் தாரும்,” என்றார். போட்டார்.

பக்ஸ் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்து அண்ணையின் கடதாசிக் கோவையைப் புரட்டினார்.

“ஆர் உந்த வியாழக்கிழமையைப் போட்டது?”

நான் பக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

“நான்தான் அடம்பிடிச்சனான். தங்கச்சி வேண்டாமெண்டுதான் சொன்னவ,” என்றார் அண்ணை.

முதலாளி அவருக்கு ஐந்து நிமிடம் புத்தி சொன்னார். அண்ணை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்ஸ் போய்முடிந்த கடிதத்தை எடுத்து மடித்தேன்.

வியாழக்கிழமை பேர்மிற் திரும்பி வந்தது. ஓட்டம் தப்பியது. அன்று பின்னேரமே கலண்டரைக் கழற்றி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டேன்.

அடுத்த வருடம் புதுப்பிக்க வந்தபோது, நான் கேட்க முன்னமே, “பழையது முடியிற நாளையே போடும் தங்கச்சி,” என்றார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“எங்கை கலண்டர்?”

“கழட்டிப்போட்டன் அண்ணை.”

“அது பாவம், அது என்ன பிழை செய்தது?” என்று சிரித்தார்.

அவர் போன பிறகு, அந்த வியாழக்கிழமையைப் போட்டது யார் என்று சொல்ல எழுந்து போய் முதலாளியின் கதவைத் தட்டினேன்.