சஃபியாவும் என் சுவரும்

எங்கள் போட்டோகிராபர் சங்கத்தின் ஆண்டு மலருக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டார். "நம்ம சஃபியாவைப் பத்தி நீங்கதானுங்க எழுதோணும். அவுங்க வளந்ததைப் பக்கத்துல இருந்து பாத்தவரு நீங்க." பக்கத்தில் இருந்து பார்த்தது உண்மைதான். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

சஃபியா கோட்டைமேட்டுக்காரி. அப்பா அக்பர் அலி உக்கடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறார். பி.காம். முடித்துச் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தாள். அங்கே கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து அதை ஓட்ட லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டாள். கேமராவும் யாரோ விற்ற பழசு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கிழிக்கவில்லை, தைத்தாள். ஸ்டாண்டில் கேமராவை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கூடம் முழுவதையும் சுற்றி எடுப்பாள். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சம் குறைத்து ஒன்று, நடுவாக ஒன்று, கூட்டி ஒன்று. எல்லாவற்றையும் ஹியூகின் என்கிற சாப்ட்வேரில் போட்டால் ஒரே நீளப் படமாகத் தைத்துச் சேர்த்துவிடும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெயிலும் தெரியும், மூலை இருட்டும் தெரியும். இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், அந்த சாப்ட்வேர் இலவசம். நான் மாதாமாதம் சந்தா கட்டுகிற சாப்ட்வேரில் ஒட்டினால் மணமேடைத் தூண் இரண்டாக முறிந்து நிற்கிறது. இவளுக்கு மட்டும் எப்படி ஒட்டுகிறது? கணபதி பக்கம் ஏதோ லேத்தில் கேமராவுக்கு ஒரு இரும்புக் கை செய்து வாங்கியிருக்கிறாள், சூட்சுமம் அதில்தான் என்று கேள்விப்பட்டேன். அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுக்கரை ரோட்டில் வெங்கடபதியின் கல்யாண மண்டபம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் மண்டபத்தின் பெரிய படம். திறப்பு விழாவன்று நான் எடுத்தது. கீழே என் ஸ்டுடியோ பெயர். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பாதிக் கல்யாணங்கள் என்னிடம் வந்தன.

வெங்கடபதி போன் செய்தார். "ஏனுங்க அரங்கசாமி, புதுசா ஒரு படம் மாட்டலாம்னு சஃபியா அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. உங்க படத்துல ஜன்னலெல்லாம் ஒரே வெள்ளையா இருக்குது பாருங்க. வெள்ளிக்கிழமை வந்தீங்கன்னா கழட்டிக் குடுத்தர்றனுங்க." எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

நான் போனபோது சஃபியா எடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"வாங்கண்ணா. கொஞ்சம் ஓரமா நின்னுக்கறீங்களா?"

"நீ எடு அம்மணி. நான் தூண் நெழல்ல நின்னுக்கறேன்."

யோசித்துத்தான் நின்றேன். ஜன்னலில் அப்படி வெயில் அடிக்கும்போது தூண் நிழல் படத்தில் கருப்பாகத்தான் விழும், அதில் நிற்கிற ஆள் தெரியாது. இத்தனை வருடத் தொழிலில் இதுகூடவா தெரியாது? அங்கிருந்து அந்த இரும்புக் கை சரியாகத் தெரியவில்லை. மணமேடை ஓரத்துக்கு நகர்ந்தேன். அங்கிருந்தும் அவள் முதுகு மறைத்தது. கடைசியில் என் படத்துக்குக் கீழே போய் நின்றேன். கேமரா திரும்பிய திசையிலேயே நானும் நகர்ந்துகொண்டிருந்தது அப்போது உறைக்கவில்லை. அவள் முடித்ததும் என் படத்தைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். "அண்ணா, ஊடு வரைக்கும் வாரீங்களா? உங்களக் கேக்காம முடிக்க முடியலீங்க."

போனேன். அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில், மண்டப ஜன்னலுக்கு அப்பால் மதுக்கரை மலை தெரிந்தது. வாசல் வாழையின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. கூடவே மூன்று அரங்கசாமிகள் தெரிந்தார்கள். தூண் நிழலில் ஒருவன், மேடை ஓரத்தில் ஒருவன், என் படத்துக்குக் கீழே ஒருவன். நிழல் கருப்பாக விழவே இல்லை. மூன்று பேரும் கழுத்தை நீட்டி அவள் கேமராவையே பார்க்கிறார்கள். சம்பந்தி வீட்டு விருந்தில் உப்புக் குறை தேடுகிறவன் முகம்.

டீ கொண்டு வந்த அக்பர் அலி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அன்னிக்கு ஒடம்பு கிடம்பு முடியலீங்களா?"

"மூணையும் எடுத்துரு அம்மணி" என்றேன்.

"ரெண்டு பேரை எடுத்தர்லாங்ணா. பக்கத்துப் படத்துல அந்த எடம் காலியா இருக்குது, அதை வெச்சு மறைச்சுப்போடுவேன். இந்த மூணாவது ஆளுதான் வரமாட்டேங்கறாரு. அங்க ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. பக்கத்துப் படத்துலயும் நீங்களேதான்." ஏன் அங்கே அவ்வளவு நேரம் நின்றேன் என்று அவள் கேட்கவில்லை. "வேணும்னா மறுபடி போயி எடுத்தர்றேன். ஆனா இப்ப அங்க உங்க படம் இருக்காதுங்களே. வெறுஞ்செவுருதான் விழுகும்."

டீ ஆறும்வரை யோசித்தேன். அந்த மூஞ்சியோடு நிற்பதா, இல்லை அந்தச் சுவரிலிருந்து ஒரேயடியாகப் போவதா?

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

இப்போது அந்தச் சுவரில் சஃபியாவின் படம், கீழே அவள் பெயர். கல்யாணங்களும் அவள் பக்கம் போகின்றன. போன முகூர்த்தத்தில் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். படத்தின் முன்னால் நின்ற ஒரு பெரியவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இருக்கறது நீங்கதானுங்களே! நீங்க எடுத்த படமுங்களா?"

"இது சஃபியான்னு ஒரு பொண்ணு எடுத்ததுங்க. நான் எடுத்தது இந்தப் படத்துக்குள்ள இருக்குது, சின்னதா" என்று படத்தில் நிற்கும் என் தலைக்கு மேலே விரல் வைத்துக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஜன்னலெல்லாம் ஒரே வெள்ளையா இருக்குதுங்களே" என்றார்.