சிமெண்ட் கல்லின் மேல் நின்ற கார்

தெருவில் எல்லோருக்கும் அவள் 'வேன் அக்கா'. இருபத்திரண்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தின் வேனை ஓட்டியவள். அவள் வேனில் போன பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளையும் அதே வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பொடிசுகளுக்கும் அவள் அக்காதான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "காலையில நாப்பது பிள்ளைங்க, சாயங்காலம் நாப்பது பிள்ளைங்க. இதுக்கு மேல ஒண்ணு வந்தா நான் தாங்க மாட்டேன்" என்பாள்.

ஓய்வு பெறும் நாளில், என்ன வேண்டும் கேளுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். அவள் கொட்டகைக்குப் பின்பக்கம் கையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் அங்கே பதினாலு வருஷமாகக் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டை வைத்திருந்தது. தரைத் தகடு துருப்பிடித்து, உள்ளே குனிந்து பார்த்தால் மண் தெரிந்தது.

"அதைப் பேரீச்சம்பழக்காரன்கூட எடுக்க மாட்டானேம்மா!"

"எனக்குக் குடுங்க சார். ஆயுசு பூரா அடுத்தவங்க வண்டியைத்தான் ஓட்டியிருக்கேன்."

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாள். முற்றத்துக்கு முன்பக்க வீடு அவள் தம்பியுடையது, பின்பக்க அறை அவளுடையது. தம்பி தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். இரண்டு நாற்காலி, ஒன்றில் அவன், இன்னொன்றில் சம்பளத்துக்கு ஒரு ஆள். வாராவாரம் கடைக்கு விடுமுறை நாளில் அவனும் அக்காவோடு சேர்ந்து காரைக் கிளறுவான். அவனுக்கு வண்டி வேலை தெரியாது. அக்கா சொல்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான், பாதி நேரம் தப்பான அளவை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வான். முதல் ஐந்து மாதமும் முற்றத்தில் சிரிப்புச் சத்தத்துக்குக் குறைவில்லை.

கிளட்ச் பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருந்தது. காரை உயர்த்தி நிறுத்த நாலு இரும்பு ஸ்டாண்டு செய்யச் சொல்லி வெல்டிங் கடையில் கொடுத்திருந்தாள். "நாளைக்கு சாயங்காலம் வாங்க" என்றான் வெல்டர். ஆனால் தம்பிக்கு விடுமுறை அன்றைக்குத்தான். நாளைக்கு என்றால் இன்னும் ஒரு வாரம் போய்விடும். சுவர் கட்டி மீந்த சிமெண்ட் கல், நடுவில் ஓட்டை விட்ட கல், மூலையில் அடுக்கியிருந்தது. காரை ஜாக்கால் தூக்கி, முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டு கல்லாக அடியில் முட்டுக் கொடுத்தாள்.

தம்பி கல்லைக் காலால் தட்டிப் பார்த்தான். "இது தாங்குமாக்கா?"

"இருபத்திரண்டு வருஷமா நான் என்ன ரிக்‌ஷாவா ஓட்டினேன்? எனக்குத் தெரியாதா? படு."

அவன் படுத்து அடியில் கையை விட்டு கியர்பாக்ஸைத் தாங்கினான். அவள் காருக்குள் ஏறி, மேலிருந்து கடைசி போல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். அது அசையவில்லை. ஸ்பேனரின் மேல் உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினாள். போல்ட் இளகிய அதே நொடியில் ஒரு சத்தம், ஓடு உடைகிற மாதிரி. கார் இடது பக்கமாகச் சரிந்து விழுந்தது. தம்பி உடம்பை இழுத்துக்கொண்டான். இடது கை மட்டும் வரவில்லை.

அவள் குதித்து இறங்கி ஜாக்கைக் காருக்கடியில் தள்ளி அதன் கைப்பிடியை அடித்தாள், அடித்தாள். கார் எழும்பவில்லை. ஜாக்கின் எண்ணெய்த் திருகை மூட மறந்திருந்தாள், அது திறந்திருந்தால் ஜாக் ஏறாது. ஆயிரம் தடவை செய்த வேலை, அன்றைக்குக் கைக்கு வரவில்லை. அவன் கத்தவில்லை. "அக்கா, அக்கா" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். எதிர்வீட்டுத் தச்சர் ஓடி வந்து திருகை மூடித் தூக்கினார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் தப்பியது, ஆனால் மடங்கவில்லை. தம்பி மனைவி வராந்தாவில் நின்ற வேன் அக்காவைப் பார்த்து, "எப்படி ஆச்சு அண்ணி?" என்று கேட்டாள்.

"ஜாக் வழுக்கிருச்சும்மா."

அது வாயில் தானாக வந்துவிட்டது. வந்தபிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னாள். உடைந்த கல்லைத் தூள் தூளாக்கிக் குப்பையில் கொட்டினாள். தம்பியிடம் அவள் "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்பான், அவ்வளவுதான்.

முடி வெட்டுகிறவனுக்குக் கத்தரி பிடிக்கிற கைதான் முக்கியம் என்று வெளியாள் நினைப்பான். உண்மையில் பாதி வேலை சீப்பு பிடிக்கிற கையில் இருக்கிறது. முடியைத் தூக்கி, விரலிடுக்கில் பிடித்து, அளவு காட்டுவது அந்தக் கைதான். கட்டுப் பிரித்து இரண்டு மாதம் கழித்து தம்பி கடையைத் திறந்தான். பழைய வாடிக்கையாளர்கள் உள்ளே வந்தார்கள், கையைப் பார்த்தார்கள், "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று நகர்ந்தார்கள். பக்கத்துத் தெருக் கடையிலிருந்து அவர்களே புதிதாக முடி வெட்டிக்கொண்டு திரும்பிப் போவதை அவன் பார்த்தான். சம்பளத்துக்கு இருந்த ஆள் முதலாளியின் நாற்காலிக்கு வந்தான். முதலாளி விளக்குமாறு எடுத்து, தரையில் விழுந்த முடியைக் கூட்டினான்.

வேன் அக்கா அதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள்.

விபத்து நடந்து நாலாவது மாதம், தம்பி மனைவி முற்றத்துக் குழாயடியில் கடைத் துண்டுகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வேன் அக்கா போய் ஒரு துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக முறுக்கிப் பிழிந்தார்கள். மூன்றாவது துண்டில் அவள் சொன்னாள்:

"ஜாக் வழுக்கலைம்மா. ஸ்டாண்டு நாளைக்கு வரும்னான். நான் பொறுக்கலை. சிமெண்ட் கல்லை வெச்சேன். அவன் தாங்குமான்னு கேட்டான். நான்தான் படுன்னு சொன்னேன்."

தம்பி மனைவி துண்டை உதறிக் கொடியில் போட்டாள். திரும்பவில்லை.

"தெரியும் அண்ணி. அவர் அன்னிக்கே சொல்லிட்டார். நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப ஏன்மா கேக்கலை?"

"கேட்டு வாங்குற விஷயமா அது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேன் அக்கா ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அழுகைகூட வரவில்லை.

மறுநாள் மத்தியானம், ஆள் வராத நேரம் பார்த்துக் கடைக்குப் போனாள். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் தலையில பழகு."

தம்பி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். இடுப்பு வரை இருந்தது அவள் முடி, பாதி நரைத்தது. "பொம்பளை முடியில என்னத்தைப் பழகுறது?"

"ஆம்பளை முடியா வெட்டிக்கோ."

"பைத்தியமா உனக்கு? எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. மேலே போர்த்துகிற துணியைத் தானே எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். தம்பி கத்தரியை எடுத்தான்.

முதல் நாள் சீப்பைக் கட்டைவிரலுக்கும் விறைத்த விரலுக்கும் நடுவில் பிடித்தான். அது விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. அவன் எண்ணினான், முப்பத்தொன்று. காதோரம் கத்தரி பட்டு ரத்தம் வந்தது. அவள் அசையவில்லை. எழுந்தபோது எலி கடித்த மாதிரி இருந்தது தலை. தெருவில் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், காரணம் தெரிந்தபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்தாள், வளர்ந்த மட்டும் வெட்டட்டும் என்று. சீப்பைச் சுண்டுவிரலோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

ஒரு தடவை, பாதி வெட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஒரு வாரம் பொறுத்திருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

கத்தரி அவள் தலைக்குப் பின்னால் அப்படியே நின்றது. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "தலையை ஆட்டாதே" என்றான். அவள் ஆட்டியிருக்கவில்லை. மறுபடி வெட்டத் தொடங்கினான்.

காரை எடைக்குப் போடப் போவதாக அன்றைக்கு அவள் சொன்னாள். அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "போடு. அப்ப என் விரல் எதுக்குப் போச்சுன்னு யாராவது கேட்டா, ஒரு மூட்டை இரும்புக்குன்னு சொல்லிக்கிறேன்."

வெல்டிங் கடையில் அந்த நாலு ஸ்டாண்டும் மூலையில் தூசி படிந்து கிடந்தன. எடுத்து வந்தாள். தச்சரைக் கூப்பிட்டு, காரை அதன் மேல் ஏற்றி, இரண்டு பேருமாக மூச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். இம்மியும் அசையவில்லை. ஆனாலும் அடியில் படுத்ததும் அவள் கை மேலே எழும்ப மறுத்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு போல்ட்டைக் கழற்றினாள். அவ்வளவுதான், அன்றைக்கு அதற்கு மேல் முடியவில்லை.

அப்படியே ஒன்றொன்றாக ஏழு மாதம் போனது. அவள் அடியில் படுத்திருக்கும் நாட்களில் தம்பி முற்றத்துப் பக்கம் வரமாட்டான். தம்பி மனைவி மட்டும் ஒருநாள் ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து, கார் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். வேன் அக்கா ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு குடித்தாள்.

கார் ஓடியது. கதவு ஒன்று கயிற்றில்தான் நின்றது, இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது, ஆனால் ஓடியது. முதல் பயணம் ஆஸ்பத்திரிக்கு, தம்பியின் மோதிர விரலைக் கடைசியாகக் காட்டுவதற்கு. தம்பி மனைவி முன்னால் உட்கார்ந்தாள். தம்பி பின்னால் ஏறிக்கொண்டான். வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "இனி இவ்வளவுதான். இதுக்கு மேல மடங்காது" என்றார்.

திரும்பி வந்து காரில் ஏறினார்கள். வேன் அக்கா சாவியைப் போட்டாள், ஆனால் திருப்பவில்லை.

"கேட்டுச்சில்ல?" என்றான் தம்பி பின்னாலிருந்து.

"கேட்டுச்சு."

"அப்ப வண்டியை எடு. கடைக்கு விடு. நாலு மணிக்கு என்கிட்ட வெட்டிக்க ரெண்டு பேர் வரேன்னு சொல்லியிருக்காங்க."

அவள் சாவியைத் திருப்பினாள். இரண்டாவது கியர் கரகரத்து விழுந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடைவாசலில் ஒருவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.