நுனி மாஸ்டரின் மூங்கில் சரிவு

என் வீட்டுக்காரரைப் பற்றி நானே பெருமையடித்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி என்னால் முடியாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்த கையோடு எங்கள் வீட்டுப் பின்பக்கச் சரிவை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

இவர் முடிதிருத்துகிறவர். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். ஒரு நாற்காலியில் வேலை நடக்கும், இன்னொன்றில் அரட்டை நடக்கும். வாடிக்கைக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் நுனி மாஸ்டர். எவ்வளவு குட்டையாக வெட்டச் சொன்னாலும் நுனியில் மட்டும்தான் கத்தரி படும். "மிச்சம் இருந்தா இன்னும் வெட்டிக்கலாம். போனதை ஒட்டவா முடியும்?" என்பார். சீக்கிரமே திரும்பி வரவைக்கிற தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். தந்திரமாவது மண்ணாவது! இந்த மனுஷனுக்கு வெட்ட மனசு வராது, அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. தொழில் பழகிய காலத்தில் இவர் முதன்முதலில் முடி வெட்டியது தன்னுடைய பள்ளிக்கூடச் சிநேகிதருக்கு. வெட்டிய வேகத்தில் இடது காதோரமும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. சிநேகிதர் வளர்ந்து வெல்டர் ஆனார், காது போனாலும் பரவாயில்லை என்று இவரிடமே தலையைக் கொடுத்துவந்தார். இவர்தான் அன்றோடு நுனி மாஸ்டர் ஆகிவிட்டார்.

வெல்டர் அண்ணன் குடியிருப்பது எங்களுக்கு நேர் கீழே. எங்கள் வீடு மேட்டில். பின்கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் சரிவு, சரிவின் அடியில் அண்ணனின் வீடும் பட்டறையும். அவர் பட்டறையில் நெருப்புப்பொறி பறப்பதை எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கலாம். அண்ணி துணி காயப்போடும்போது நானும் அவர்களும் மேலும் கீழுமாகக் கத்திப் பேசிக்கொள்வோம். தெருவுக்கே எங்கள் இரண்டு வீட்டுக் கதையும் மனப்பாடம்.

அத்தனையையும் ஒரு மழை கெடுத்தது. சரிவின் மண் கரைந்து இறங்கி, பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெல்டிங் மெஷினில் பாதி உயரம் வரைக்கும் சேறு. நாங்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு ஓடினோம். அண்ணன் இவரை உள்ளே விடவில்லை. "சரிவைக் கட்டுன்னு போன மழைக்கே சொன்னேன். நீ கேக்கல. போ, போய் உன் மண்ணைப் பார்த்துக்க" என்றார். அதோடு பேச்சு நின்றது. முடி வெட்டவும் வரவில்லை. வேறு எங்கேயோ போய் வெட்டிக்கொண்டு வந்தார். பின்கழுத்துக் கோடு கோணல். மேலிருந்து அதைப் பார்த்த இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தச் சரிவு நிக்கணும்டி. அது நின்னாத்தான் அவன் வருவான்" என்றார்.

சுவர் எழுப்பலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அஸ்திவாரம் தோண்டினாலே மண் சரியும் என்று கைவிரித்துவிட்டார். புல் பதித்தோம். அடுத்த தூறலில் அது அண்ணி வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியில் நர்சரிக்காரம்மாதான் குட்டை மூங்கிலைக் காட்டினார். மூங்கில் என்றதும் நான் வானத்தைப் பார்த்தேன். அவர் தரையைக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லை. பச்சை இலையில் வெள்ளைக் கோடு.

"மேல பார்க்காதீங்க, கீழதான் விஷயம்" என்றார் அந்தம்மா. "வேர் பாய் மாதிரி பின்னிக்கும். மண்ணை விடாது. ஆனா ரெண்டு வேலை இருக்கு. ஓரத்துல தடுப்பு புதைக்கணும், இல்லைன்னா பக்கத்து வீட்டுக்குப் போயிடும். அப்புறம் வருஷம் ஒரு தடவை, குளிர் முடியறப்போ, தரையோட தரையா வெட்டிடணும். அப்பத்தான் அடியிலிருந்து அடர்த்தியா வரும்."

முதல் வேலையை இவர் கண்ணும் கருத்துமாகச் செய்தார். கெட்டியான பிளாஸ்டிக் தகட்டைச் சரிவின் அடியில் முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து, இரண்டு விரல் அளவு மேலே தெரியும்படி விட்டார். அண்ணன் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"மூங்கிலாமே? முதல்ல சேறு, இப்போ வேரா? என் தரையைப் பிளக்கவா?"

"பிளக்காதுடா. தகடு போட்டிருக்கேன். மேல ஏறி வந்தா கண்ணுல படும், வெட்டிடுவேன்."

"நீயா? வெட்டவா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் உள்ளே போய்விட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஓரத்தை மட்டும் இவர் ஒருநாளும் விட்டதில்லை. கடை லீவு நாளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகட்டைத் தாண்டப் பார்க்கும் வேர்களைப் பின்கழுத்து ஒதுக்குகிற மாதிரி ஒதுக்குவார். முதல் வருஷம் செடி நட்டது நட்டபடி இருந்தது. இரண்டாம் வருஷம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது. மண்ணே தெரியவில்லை. காற்றடித்தால் சரிவு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் புரளும். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இதைப் பற்றிப் பேசிப் பேசி எல்லோருடைய காதையும் புளிக்கவைத்தேன்.

இரண்டாவது வேலையில்தான் இவருடைய புத்தி தெரிந்தது. குளிர் முடிந்ததும் பெரிய கத்தரியோடு இறங்கினார். நானும் நம்பிப் போய்ப் பார்த்தேன். நுனி வெட்டிக்கொண்டிருக்கிறார்!

"தரையோட தரையான்னு அந்தம்மா சொன்னாங்கல்ல?"

"இவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கு. அதைப் போய் மொட்டையடிக்கச் சொல்றியா?"

அடுத்த வருஷமும் அதே கதை. மூங்கில் இடுப்புக்கு வளர்ந்தது. மேலே இலை, கீழே வெறும் குச்சி. இலையோரம் காய்ந்து, பழைய துடைப்பத்தைக் கவிழ்த்த மாதிரி நின்றது. புதுத் தளிர் வர இடமில்லை. குச்சிகளுக்கு நடுவே மண் பல்லிளித்தது. மழை வந்தபோது அங்கங்கே செம்மண் நீர் கசிந்து தகட்டைத் தாண்டிப் பட்டறை வாசலில் தேங்கியது. அதிகமில்லை, ஒரு பக்கெட் இருக்கும். ஆனால் அண்ணனுக்கு அது போதும்.

"அடுத்த மழைக்கும் மண் வந்துச்சுன்னா, நான் பார்த்துட்டு இருக்க மாட்டேன். எல்லாத்தையும் தோண்டி எறிஞ்சுட்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன். என் மூஞ்சியில நீ முழிக்கவே வேணாம்" என்றார்.

வெறும் கோபத்தில் சொன்னதல்ல என்பது அண்ணி முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்கள் வேறு வீடு பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

குளிர் முடிந்தது. இவர் கத்தரியை எடுத்துக்கொண்டு சரிவின் முன்னால் நின்றார். கத்தரியைத் திறந்தார், மூடினார், வெட்டவில்லை.

"கொடுங்க, நான் வெட்டறேன். எனக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது" என்றேன்.

"வேணாம். நான் நட்டது, நான்தான் வெட்டணும்."

முதல் கொத்தைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவேயில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஏறி வரவில்லை. சாயங்காலம் சரிவு முழுக்க விரல் உயரக் குச்சிகள் மட்டும் மிச்சம். வெட்டிய இலைகளை அதன் மேலேயே பரப்பினார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கர்வமாகவும் இருந்தது. காலமெல்லாம் நுனியோடு நிறுத்திக்கொண்ட மனுஷன் இவர்.

துணி எடுக்க வந்த அண்ணி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இங்க வாங்களேன்" என்று சத்தம் போட்டார். அண்ணன் ஓடி வந்தார்.

"இருந்ததையும் வழிச்சிட்டியா? மழை வர்ற நேரத்துல? உனக்கென்ன பைத்தியமா?"

"வேர் உள்ள இருக்குடா."

"வேரை நம்பியா என் பட்டறையை வச்சிருக்கேன்?"

தளிர் வருவதற்கு முன்னாலேயே மழை வந்துவிட்டது. தூறல் இல்லை, கொட்டித் தீர்த்தது. இவர் குடையை விரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். கீழே அண்ணன் மண்வெட்டியோடு நின்றார். இரண்டு பேர் கண்ணும் அந்தத் தகட்டின் மேல்தான்.

தண்ணீர் வந்தது. இலைகளுக்கு அடியில் ஓடி, குச்சிகளைச் சுற்றி வளைந்து, தகட்டின் மேலாக வழிந்தது. அண்ணன் குனிந்து அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். கொட்டிவிட்டு மறுபடி ஏந்தினார். தண்ணீருக்கு அடியில் அவர் உள்ளங்கை ரேகை தெரிந்ததா என்று மேலிருந்து பார்க்க முடியாது, ஆனால் தண்ணீரில் மண் இல்லை, தெளிவு என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மழை விட்டபின் இவர் குச்சிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தோண்டிப் பார்த்தார். விரல் உள்ளே இறங்கவில்லை. "பாருடி, பாருடி" என்று என் கையையும் பிடித்து அழுத்தினார். பாய்தான். அந்தம்மா சொன்ன அதே பாய்.

கொஞ்ச நாளில் தளிர் வந்தது. நெருக்கியடித்துக்கொண்டு, கணுக்கால் உயரத்துக்குப் புத்தம்புது வெள்ளைக் கோடு. நர்சரிக்காரம்மா தன் வாடிக்கைக்காரர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார். நான் பின்கதவை அகலத் திறந்து வைத்தேன்.

ஆனால் அண்ணன் பேசவில்லை. வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அண்ணி சொன்னார்கள். இவருக்கு அது போதவில்லை. கடையில் யாருடைய காலடி கேட்டாலும் வாசலைப் பார்ப்பார்.

ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அண்ணன் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இவர் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். கத்தரியை எடுத்து, பழக்கதோஷத்தில் நுனியைப் பிடித்தார்.

"நுனி வேணாம். ஒட்ட வெட்டு, அந்தச் சரிவு மாதிரி" என்றார் அண்ணன்.

இவர் கத்தரி அப்படியே நின்றது. கண்ணாடியில் இவருடைய பார்வை அந்தத் தழும்பின் மேல் இருந்தது. அண்ணன் தலையைச் சாய்த்து வலது பக்கத்தைக் காட்டினார்.

"இன்னொரு காது இருக்குடா. பயப்படாம வெட்டு."